கறுப்பு ஓரம்

அந்தப் பெண் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. பொம்மசந்திராவிலிருந்து சேஷாத்ரிபுரம் வரை இரண்டு பஸ் மாறி வந்தும் அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நிருபமா பார்த்தாள். சொல்லவில்லை. உட்காரச் சொன்னாள்.

மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் நிருபமாவின் துப்பறியும் அலுவலகம். அவளுடைய அப்பா மைசூர் அரசாங்கத்தில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளும் அப்படியொரு நாற்காலியில் உட்காருவாள் என்று நினைத்தார். அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடிக்கும் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, தொண்ணூற்றாறில் இந்த அறைகளை வாடகைக்கு எடுத்தாள். இப்போது 2002. ஐம்பது வயது ஆகிவிட்டது. அந்தக் கம்பெனியிலிருந்து கூடவே வந்தவன் ஹெர்பர்ட். ஒக்கலிபுரத்துக்காரன், முப்பத்தெட்டு வயது. அவனுடைய வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

"பேரு?"

"தர்ஷினி. ஊத்தங்கரைப் பக்கம். இங்க வந்து நாலு வருஷம் ஆச்சுங்கா. கார்மெண்ட்ஸ்ல டெய்லர்."

அவள் பேசிய விதத்தில் ஏற்ற இறக்கமே இல்லை. வேறு யாருக்கோ நடந்ததை ஒப்பிப்பதுபோல இருந்தது.

அவள் வேலை செய்த கம்பெனியில் ஃப்ளோர் இன்சார்ஜ் ஒருவன். பெண்கள் மேல் கை வைப்பான். எதிர்த்துப் பேசியவர்களை நாள் முழுக்க நிற்க வைப்பான். சங்கத்துக்காரர்கள் லேபர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். மனுவில் யார் பெயரும் இல்லை. ஐந்து பெண்கள் வியாழக்கிழமை விசாரணைக்கு நேரில் வந்து சொல்வதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரு தமிழ் கேபிள் சேனலில் தர்ஷினி பேசினாள். முகத்தை மங்கலாக்கிவிடுவோம், குரலை மாற்றிவிடுவோம் என்று சேனல்காரர்கள் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நிகழ்ச்சி ஓடியது. சனிக்கிழமை காலை, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனி கேட்டிலேயே அவளுடைய பஞ்சிங் கார்டைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஹவுஸ் ஓனர் ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. நாளன்னிக்கு சாயங்காலம் அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிக்கினு போறான்."

"யார் காட்டிக் குடுத்ததுன்னு தெரியணுமா?"

"தெரியுங்கா. யூனிஸ்தான். ஒரே ரூம்ல இருந்தோம். சேனலுக்குக் கூட்டிக்கினு போனதே அவதான். வேற யாருக்கும் தெரியாது. அவ கார்டை மட்டும் யாரும் புடுங்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "டி.வி. ஓடிக்கினு இருக்கும்போதே, 'உன்னைக் கண்டுபுடிச்சிடுவாங்கடி'ன்னு சொன்னா. சொல்லி வெச்சவளுக்குத்தானே தெரியும்?"

"அப்புறம் எதுக்கு இங்க வந்தே?"

"சங்கத்து அக்கா அனுப்பினாங்க. அவ இருக்கற எடத்துல நான் வந்து பேச மாட்டேன்னு சொல்லிட்டேன். நான் வரலேன்னா மத்தவங்களும் வர மாட்டாங்களாம்."

"இன்சார்ஜ் கேட்ல உன்னைப் பார்த்து ஏதாவது சொன்னானா?"

"'டி.வி.ல அழகா இருந்தியேம்மா'ன்னான்."

"இருந்தியேன்னானா, பேசினியேன்னானா?"

தர்ஷினி யோசித்தாள். "இருந்தியேன்னுதான்."

நிருபமா எழுந்து கைப்பையை எடுத்தாள். "யாரோ பேர் சொல்லித் தெரிஞ்சிருந்தா 'நல்லா பேசினே'ம்பான். இவன் முகத்தையே பார்த்திருக்கான், ஹெர்பர்ட். சேனல் ஆபீஸ் எங்க?"

"நம்ம ஏரியாதான் மேடம். ஆபீஸ்னு சொல்லாதீங்க, கோழிக்கூண்டு வருத்தப்படும்."

தர்ஷினி சிரிக்கவில்லை. அவளுக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

*

ஒக்கலிபுரத்தில், ரயில் போனால் ஜன்னல் அதிரும் ஒரு சந்தில், அச்சாபீஸுக்கு மேலே அந்தச் சேனல். ஒரு கேமரா, ஒரு நீலத் திரை, ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஆம்ப்ரோஸ். முப்பது வயதிருக்கும். கல்யாண கேசட்டுகளை வெட்டி ஒட்டித் தொழில் கற்றவன். வந்த விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்தது.

"மங்கல் ஃபில்டர் நான்தான் மேடம் போட்டேன். நல்லாத்தான் போட்டேன்."

"போட்டுக் காட்டுங்க. முதல்ல இருந்து, ஒண்ணு விடாம."

படத்தைத் திறந்தான். தர்ஷினி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"முகத்துக்கு மட்டும் ஒரு வட்டம் போட்டுப் பாத்தேன். அவங்க பேசும்போது தலைய ஆட்டிக்கினே இருந்தாங்க. வட்டம் ஒரு பக்கம் நிக்குது, மூஞ்சி இன்னொரு பக்கம் போவுது. அதான் முழுப் படத்துக்கும் போட்டுட்டேன். இதோ பாருங்க, இந்த எடத்துல ஒரு நம்பர் குடுக்கணும். நம்பர் ஏற ஏற மங்கல் ஏறும். நான் அறுபது குடுத்தேன்."

அறுபதைத் தட்டி, கம்ப்யூட்டர் செய்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தான். முகம் கரைந்து மாவாகிவிட்டது. மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை. ஆனால் படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு கறுப்புப் பட்டை புகைபோல உள்ளே இறங்கியிருந்தது.

"யாரோ போயிட்டாங்கன்னு போஸ்டர் அடிச்ச மாதிரி இருக்கு," என்றான் ஹெர்பர்ட். "கீழ 'கண்ணீர் அஞ்சலி'ன்னு போட்டா ஒட்டிட்டே போயிடலாம்."

"அது என்ன ஓரம்?" என்றாள் நிருபமா.

"அது ஃபில்டரோட தொல்லை மேடம். பக்கத்துல பக்கத்துல இருக்கற கலரையெல்லாம் கலந்துதான் அது மங்கலாக்கும். படம் முடியற எடத்துக்கு வெளிய ஒண்ணுமில்ல, வெறும் கறுப்பு. அதையும் இழுத்துக் கலந்துடுது. நம்பரக் குறைச்சா ஓரமும் குறையும்."

"குறைச்சீங்களா?"

"குறைச்சேன். நாப்பது, முப்பது... கடைசில பதினஞ்சுல ஓரம் சுத்தமாப் போயிடுச்சு. அதத்தான் ஓட்டினோம்."

"அந்தப் பதினஞ்சைக் காட்டுங்க."

"மாத்தினா கம்ப்யூட்டர் மறுபடியும் இருபது நிமிஷம் யோசிக்கும் மேடம்."

"என்னை மாதிரியே," என்று சொல்லிவிட்டு ஹெர்பர்ட் டீ வாங்கக் கீழே போனான்.

நிருபமா ஆம்ப்ரோசின் தோளுக்குப் பின்னாலேயே நின்றாள். திரையில் ஒரு கோடு மெதுவாக நகர்ந்தது. ஒரு ரயில் போயிற்று. படம் வந்தது. கறுப்பு ஓரம் இல்லை. முகம் இருந்த இடத்தில் மங்கலான ஒரு கறை மட்டும். இவ்வளவு அருகில் நின்று பார்த்தும் அவளால் எதையும் பிடிக்க முடியவில்லை. ஆம்ப்ரோஸ் நிம்மதியாகத் திரும்பினான்.

"பாருங்க மேடம். மூஞ்சி தெரியல இல்ல?"

வாசலிலிருந்து கிளாஸ்கள் இடிபடும் சத்தம் கேட்டது. ஹெர்பர்ட் மூன்று டீயோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஃபில்டர எடுத்துட்டியா ஆம்ப்ரோஸ்? காலைல வந்த பொண்ணுல்ல இது?"

நிருபமா நான்கு எட்டு நடந்து வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து பார்க்க, கறை ஒன்றுசேர்ந்து முகமாகியிருந்தது. கொஞ்சம் தூக்கலான நெற்றி, சப்பை மூக்கு, இடது பக்கம் சாய்த்துப் பேசும் வாய். தர்ஷினியேதான்.

"இங்க வாங்க," என்றாள்.

ஆம்ப்ரோஸ் வந்து பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"நான் எப்பவும் ஒரு அடி தள்ளி உக்காந்துதான் மேடம் பாக்கறேன்," என்றான். "அங்கேர்ந்து தெரியவே தெரியாது."

"வீட்டுல டி.வி.ய எட்டடி தள்ளி உக்காந்துதான் பாப்பாங்க," என்றாள் நிருபமா.

ஹெர்பர்ட் டீயை மேஜை மேல் வைத்தான். "அப்ப கேஸ் முடிஞ்சுது மேடம். காட்டிக் குடுத்தது யாருமில்ல. பதினஞ்சுங்கற நம்பர். அதைப் புடிச்சு ஸ்டேஷன்ல குடுக்க முடியாது."

ஆம்ப்ரோஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். டீயை எடுக்கவில்லை. "படத்தையே கொஞ்சம் பெரிசு பண்ணியிருந்தா கறுப்பெல்லாம் வெளிய போயிருக்கும், மங்கலும் அப்படியே இருந்திருக்கும். ஞாயித்துக்கிழமைதான் ஒரு புக்குல படிச்சேன். அன்னிக்குத் தெரியல."

"ஓரத்தை எடுக்கணும்னு உங்களுக்காத் தோணிச்சா?"

"இல்ல மேடம். உத்தமன் சார் சொன்னாரு. எங்க புரோகிராம் இன்சார்ஜ். நான் அறுபதுல கேசட்டே போட்டு முடிச்சுட்டேன். கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, 'ஓரம் அசிங்கமா இருக்கு, ஜனங்க சிரிப்பாங்க, அது போற வரைக்கும் நம்பரக் குறை'ன்னாரு. அவரு சொன்னா சரியா இருக்கும். இருபத்திரண்டு வருஷமா கேமரா புடிக்கறவரு."

"அந்த முதல் கேசட் இருக்கா?"

அழிக்காமல் வைத்திருந்தான். நிருபமா அதையும் சேனலில் ஓட்டிய கேசட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

ஹெர்பர்ட்டின் வீடு இரண்டு சந்து தள்ளி. அவன் மனைவி பியாட்ரிஸ் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். நிருபமாவைப் பார்த்ததும் இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

"சாப்பிடறதுக்கு முன்னால ஒரு கேசட் போட்டுப் பார்க்கணும் பியாட்ரிஸ். எந்த அளவு மங்கல் இருந்தா எட்டடில தெரியாதுன்னு பார்த்துடலாம். அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல வேண்டியிருக்கும்."

வி.சி.ஆரில் கேசட் இறங்கியது. தர்ஷினி இருந்த இடத்தில் வெறும் மாவு. கட்டிலிலிருந்து பார்த்தாலும் சரி, வாசற்படியிலிருந்து பார்த்தாலும் சரி, ஒன்றும் தெரியவில்லை.

"அறுபது நல்லா வேலை செய்யுது," என்றான் ஹெர்பர்ட். பிறகு தலையைச் சாய்த்தான். "மேடம், ஆம்ப்ரோஸ் வேற கேசட் குடுத்துட்டானா? கண்ணீர் அஞ்சலியக் காணோமே."

திரையின் நான்கு பக்கமும் சுத்தமாக இருந்தது. கறுப்பு ஓரம் எங்கும் இல்லை.

"அறுபதுன்னு லேபிள்ல எழுதியிருக்கு," என்றாள் நிருபமா.

"ஓரத்துல இருக்கறது எங்க டி.வி.ல வராதுங்க," என்றாள் பியாட்ரிஸ், கரண்டியைக் கழுவிக்கொண்டே. "கிரிக்கெட் வெச்சா ஸ்கோர்ல மொத எழுத்து வெட்டிக்கும். இந்தியாவா இங்கிலாந்தான்னு சட்டைக் கலரப் பாத்துத்தான் கண்டுபுடிக்கணும்."

"டி.வி. பழசு மேடம்," என்றான் ஹெர்பர்ட் அவசரமாக. "கல்யாணத்துக்கு மாமனார் குடுத்தது. மாமனாரும் பழசு."

நிருபமா கேசட்டை வெளியே எடுத்தாள். தெருமுனையில் கிருஷ்ணப்பா என்பவரின் டி.வி. ரிப்பேர் கடை. மூன்று டி.வி.கள் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்று போன மாதம் வாங்கியது. மூன்றிலும் கேசட்டைப் போட்டார்கள். மூன்றிலும் ஓரம் இல்லை.

"எல்லா டி.வி.யும் ஹாகே, இப்படித்தான் மேடம்," என்றார் கிருஷ்ணப்பா. "சுத்தி ஒரு வெரல் அகலம் முழுங்கிடும். ஃபாக்டரியிலயே அப்படித்தான் செட் பண்ணி அனுப்பறாங்க. கம்ப்யூட்டர்ல மட்டும்தான் பூரா தெரியும்."

கடையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தார்கள். ஹெர்பர்ட்தான் முதலில் நின்றான்.

"எந்த வீட்டுலயும் தெரியாத ஓரம்."

"ஆமா."

"அதைப் பாத்து எந்த ஜனம் சிரிக்கும்?"

"அது உத்தமனுக்குத் தெரியுமா, தெரியாதாங்கறதுதான் இப்போ கேள்வி," என்றாள் நிருபமா. "தெரியாம சொல்லியிருந்தா ஒண்ணும் இல்லே."

*

உத்தமன் ஸ்ரீராமபுரத்தில் ஒரு கல்யாண சௌல்ட்ரியில் இருந்தார். சாயந்திரம் ரிசப்ஷன். மண்டபத்தின் நான்கு மூலையிலும் டி.வி. வைத்து, மணமக்கள் பெயர் வருகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, படிய வாரிய தலை, அடக்கமான பேச்சு. நிருபமா மணப்பெண்ணின் உறவினர்போல அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"பேரை ஏன் இப்படி நடுவுல போடறீங்க? அவங்க ரெண்டு பேர் முகத்தையும் மறைக்காதா? கீழ ஓரமாப் போட்டா அழகா இருக்குமே."

"ஓரத்துல போட்டா டி.வி. முழுங்கிடும்மா," என்றார் உத்தமன் பொறுமையாக. "சுத்தி ஒரு வெரல் அகலம் நம்மளுது இல்ல. ஓரத்துல எது இருந்தாலும் வீட்டுல யாரும் பாக்கப்போறதில்ல. பசங்க யார் வந்தாலும் மொதல்ல இதத்தான் சொல்லித் தருவேன்."

"ஆம்ப்ரோசுக்கு ஏன் சொல்லித் தரல?"

அவர் கை கேமரா மேலேயே நின்றது.

நிருபமா தன் கார்டைக் கொடுத்தாள். அவர் வாங்கிப் படித்தார். பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று தோன்றியதாகவும் தெரியவில்லை.

"என் பொண்ணு கிருத்திகா ஜூன் மாசத்துலேர்ந்து அந்தக் கார்மெண்ட்ஸ் கம்பெனி ஆபீஸ்லதான் வேலை பாக்கறா," என்றார். "புரோகிராம் வரப்போறது தெரிஞ்சு அங்கேர்ந்து போன் வந்துச்சு. பேர் கேட்டாங்க. சொல்ல மாட்டேன்னேன். ரெண்டாவது நாள் அவளக் கூப்பிட்டு, 'உங்கப்பா எங்களுக்கு ஒத்துழைக்க மாட்டேங்கறாரே'ன்னு கேட்டிருக்காங்க. மூணாவது நாளும் போன் வந்துச்சு. அப்பவும் நான் பேர் சொல்லல. என் பொண்ணு மேல சத்தியமா சொல்லல."

"சொல்லல. காட்டினீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஓரம் அசிங்கமா இருந்துச்சுன்னுதான் எனக்கு நானே சொல்லிக்கினேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் அதுதான் காரணம்னு நம்பினேன். சனிக்கிழமை அவங்க நன்றி சொல்லி போன் பண்ணாங்க."

நான்கு மூலை டி.வி.யிலும் மணமக்கள் பெயர் வந்து வந்து மறைந்தது.

"இதை எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுத்தா அவ வேலை போயிடும்."

"தர்ஷினிக்குப் போன மாதிரி," என்றாள் நிருபமா.

அவர் கேமராவை அணைத்துவிட்டுப் பேனா கேட்டார்.

*

மறுநாள் காலை சங்க அலுவலகத்தில் நிருபமா தர்ஷினியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஃபில்டர், நம்பர், ஓரம், உத்தமன். தர்ஷினி சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு அவருதான் எனக்குத் தண்ணி குடுத்தாரு," என்றாள். "பயப்படாதம்மான்னாரு."

"நீ எங்க உட்கார்ந்து டி.வி. பார்த்தே?"

"பக்கத்து வீட்டுல. ஏழெட்டுப் பேரு. நான் டி.வி.க்குக் கிட்ட உக்காந்துக்கினேன்."

"யூனிஸ்?"

"எடம் இல்ல. வாசப்படில நின்னுக்கினு..." அதோடு நிறுத்தினாள்.

அந்தப் பெண் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"அவ பாத்து சொல்லியிருக்கா," என்றாள் தர்ஷினி. "சரிங்கா." மறுபடியும், "சரிங்கா," என்றாள்.

அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஹெர்பர்ட் கேட்டான்: "வருவாளா மேடம்?"

"தெரியல."

"அழுதாலாவது பரவாயில்ல."

நிருபமா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு லேபர் ஆபீஸ் மாடிப்படியில் யூனிஸும் மற்ற மூன்று பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். தர்ஷினி பதினொன்றே காலுக்கு வந்தாள். அண்ணன் கூட வந்திருந்தான், கையில் ஊருக்குப் போகும் பையோடு. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் நேராக உள்ளே போனாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

அதிகாரி, "தனியா ரூம்ல சொல்றீங்களாம்மா? கம்பெனிக்காரங்களை வெளிய அனுப்பிடறேன்," என்றார்.

"வேணாம் சார். அவங்களுக்குத்தான் மூஞ்சி தெரிஞ்சுபோச்சே. இருக்கட்டும்."

தன் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் சொன்னாள். பிறகு நடந்ததைத் தேதிவாரியாகச் சொன்னாள். நாற்பது நிமிடம். எதிரே உட்கார்ந்திருந்த இன்சார்ஜ் முதலில் சிரித்துக்கொண்டிருந்தான், பிறகு நிறுத்திவிட்டான். அவளுக்குப் பின்னால் நான்கு பேரும் சொன்னார்கள். உத்தமன் எழுதிக் கொடுத்த தாளையும் இரண்டு கேசட்டுகளையும் நிருபமா மேஜைமேல் வைத்தாள். விசாரணை முடியும்வரை இன்சார்ஜை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கவும், தர்ஷினியின் கார்டைத் திருப்பித் தரவும் கம்பெனிக்குக் கடிதம் போயிற்று.

வெளியே வந்து தர்ஷினி மாடிப்படியில் உட்கார்ந்தாள். யூனிஸ் இரண்டு படி கீழே நின்றாள்.

"என்னையாடி நெனச்சே?"

"ஆமா."

"அஞ்சு நாளாவா?"

"ஆமா."

யூனிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏறி வந்து அவள் புஜத்தில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அண்ணன்காரன் பையைக் கீழே போட்டுவிட்டு ஒரு எட்டு முன்னால் வந்தான். ஹெர்பர்ட் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

தர்ஷினி அடிபட்ட இடத்தைத் தடவினாள். யாரோ எழுப்பிவிட்டதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

"வலிக்குதுடி," என்றாள்.

பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.